லைனஸ் பாலிங்கின் அன்றாடக் கடிதங்களை நாள் வரிசையில் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் கடிதங்களைப் படிக்க வருபவர்கள் பெரும்பாலும் நேராக 1953 மார்ச் மாதத்துக்குத்தான் போவார்கள். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பைக் கண்டறிந்த வாட்சனும் கிரிக்கும் அனுப்பிய கடிதத்தைப் படிப்பார்கள், பாலிங் அதற்கு முன் வெளியிட்ட தவறான மூன்று இழை டி.என்.ஏ. அமைப்பை நினைத்து உச்சுக் கொட்டுவார்கள், அத்தோடு கிளம்பிவிடுவார்கள். ஆனால் "இந்தச் செய்தி அவருக்கு எந்த நாளில் தெரிந்தது, யார் மூலம் தெரிந்தது?" என்று கேட்டால் பதில் வராது. பிரபலமான நாலு கடிதங்களை மட்டும் படித்தால் அதற்குப் பதில் கிடைக்கவும் கிடைக்காது. அன்றன்று அவர் மேசைக்கு வந்தது என்ன, அங்கிருந்து போனது என்ன என்று தேதிவாரியாகப் பார்த்தால்தான் கிடைக்கும். அதை எந்த வரிசையில் செய்வது, புதிதாக வருபவர்கள் எங்கெங்கே தடுமாறுகிறார்கள் என்பதுதான் இந்த வழிகாட்டி.

1. முதலில் கேள்வி, பிறகு காலம், அப்புறம்தான் கடிதம்

பாலிங், அவர் மனைவி ஏவா ஹெலன் இருவருடைய ஆவணங்களும் ஒரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில், கார்வாலிஸ் நகரில் இருக்கின்றன. 1986-ல் பாலிங்கே கொடுத்தது. மொத்தம் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட உருப்படிகள். "எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்க்கலாம்" என்று இறங்குபவர் இரண்டாவது வாரம் காணாமல் போய்விடுவார்.

அதனால் ஒரே வாக்கியத்தில் ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். "பாலிங்கும் டி.என்.ஏ.வும்" என்பது தலைப்பு, கேள்வி இல்லை. "மூன்று இழை அமைப்பை வெளியிடும் முன் பாலிங் யார் யாரிடம் அதைப் பற்றிச் சொன்னார்?" என்பது கேள்வி. இதற்கு 1952 நவம்பரிலிருந்து 1953 ஏப்ரல் வரை போதும். கொலாஜன் என்ற புரதத்தில் ஆர்வமென்றால், 1951-ல் பாலிங்கும் அவருடைய சகா ராபர்ட் கோரியும் முன்வைத்த அமைப்பிலிருந்து, 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்த அமைப்பு வரைக்கும் எடுக்கலாம். ஆனால் அது மூன்றாண்டுக் கடிதங்கள், முதல் முயற்சிக்குக் கொஞ்சம் கனம்.

காலம் ஆறு மாதத்துக்குள் இருந்தால் நல்லது. அதற்குக் காரணம் இருக்கிறது. பாலிங் 1937 முதல் 1958 வரை கால்டெக்கின் (பாசடீனாவில் உள்ள கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) வேதியியல் பிரிவுக்குத் தலைவர். 1949-ல் அமெரிக்க வேதியியல் சங்கத்துக்கும் தலைவர். ஒரே நாள் தபாலில் ஆராய்ச்சி, நிர்வாகம், நிதி, பாடப்புத்தகம், அரசியல் எல்லாம் கலந்து கிடக்கும். காலத்தைப் பெரிதாக எடுத்தால் எதை விடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் விட வேண்டிவரும்.

2. தொடங்கும் முன் தயார் செய்ய வேண்டியவை

ஒரு விரிதாள். அந்த ஆண்டுக்கான நாட்காட்டி, கிழமையோடு (ஞாயிற்றுக்கிழமை தேதியிட்ட கடிதம் அலுவலகத்தில் தட்டச்சானதா, வீட்டில் கையால் எழுதியதா என்று யோசிக்க வைக்கும்). அந்தக் காலத்தில் அவர் வெளியிட்ட கட்டுரைகளின் பட்டியல், அனுப்பிய தேதி வேறு, வெளியான தேதி வேறு என்று பிரித்து எழுதியது.

இதற்கு மேல் ஒரு பெயர்ப்பட்டியல் வேண்டும். இதைத்தான் எல்லோரும் தவிர்க்கப் பார்க்கிறார்கள். கடிதத்தில் "மேக்ஸ்" என்று மட்டும் இருந்தால் அது கால்டெக்கிலேயே இருந்த மேக்ஸ் டெல்பிரூக்காக இருக்கலாம், கேம்பிரிட்ஜில் இருந்த மேக்ஸ் பெரூட்ஸாகவும் இருக்கலாம். இரண்டு பேருமே அதே ஆண்டுகளில் அதே விஷயங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள். பெயர், ஊர், நிறுவனம், பாலிங்குக்கு என்ன உறவு என்று நான்கு பத்தி போட்டு வைத்தால் போதும், படிக்கப் படிக்க நிரப்பிக்கொள்ளலாம். சுருக்கெழுத்துகளுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். நிதிக் கடிதங்களில் அடிக்கடி வரும் என்.எஃப்.ஐ.பி. என்பது இளம்பிள்ளைவாத ஒழிப்புக்கான தேசிய அறக்கட்டளை. வேதியியல் ஆராய்ச்சிக்கு அங்கிருந்தும் பணம் வந்தது. இது தெரியாமல் படித்தால் பாதிக் கடிதம் புதிராகவே இருக்கும்.

3. ஆள் எங்கே இருந்தார் என்ற பட்டியல்

கடிதத்தைத் தொடும் முன் செய்ய வேண்டிய கடைசி வேலை, மிக முக்கியமானதும் இதுதான். ஒவ்வொரு வாரத்துக்கும் நேரே பாலிங் எந்த ஊரில் இருந்தார் என்று எழுதுங்கள்.

ஏன் என்பதற்கு 1952 ஒன்றே போதும். அந்த ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க அரசு அவருக்குப் பாஸ்போர்ட் மறுத்தது. மே 1 அன்று லண்டனில் ராயல் சொசைட்டி நடத்திய புரதக் கூட்டத்துக்கு அவரால் போக முடியவில்லை. இதிலிருந்து, "பாஸ்போர்ட் மட்டும் கிடைத்திருந்தால் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் டி.என்.ஏ. எக்ஸ்ரே படங்களைப் பார்த்திருப்பார், டி.என்.ஏ.வை அவரே கண்டுபிடித்திருப்பார்" என்று ஒரு கதை ஊர் முழுக்கச் சுற்றுகிறது. பட்டியலைப் போட்டுப் பாருங்கள். மே மாதம் அவருடைய சகா ராபர்ட் கோரி லண்டன் போயிருக்கிறார், ஃபிராங்க்ளினின் படங்களைப் பார்த்தும் இருக்கிறார். ஜூலையில் பாலிங்குக்கே கட்டுப்பாடுகளோடு ஒரு பாஸ்போர்ட் கிடைத்து, பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போயிருக்கிறார். படங்கள் இருந்த லண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு மட்டும் போகவில்லை. பாஸ்போர்ட் விவகாரம் அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் அந்தக் கதை இந்தப் பட்டியலைத் தாண்டாது.

இந்தப் பட்டியலை நிரப்ப உதவுபவை யாரும் மதிக்காத கடிதங்கள். பாலிங் வெளியூரில் இருக்கும்போது அவருடைய செயலர், "பேராசிரியர் ஊரில் இல்லை, இன்ன தேதிக்குத் திரும்புவார், வந்ததும் உங்கள் கடிதத்தை அவர் பார்வைக்கு வைக்கிறேன்" என்று நாலு வரியில் பதில் போடுவார். புதியவர்கள் இதைச் சம்பிரதாயம் என்று தள்ளிவிடுவார்கள். தள்ளாதீர்கள். வந்த கடிதத்தை அவர் எந்த நாள் வரை படித்திருக்கவே முடியாது என்று உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

4. எந்தக் கோப்பில் தேடுவது

கடிதங்கள் தேதி வரிசையில் அடுக்கப்படவில்லை. ஆள் வரிசையில் இருக்கின்றன. அடிக்கடி எழுதியவர்களுக்குத் தனிக் கோப்பு. எப்போதாவது எழுதியவர்கள் அவரவர் பெயரின் முதலெழுத்துக்குரிய பொதுக் கோப்பில். "இவருக்குத் தனிக் கோப்பு இல்லை, ஆகவே கடிதமே இல்லை" என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. பொதுக் கோப்பைப் பார்க்காமல் இல்லை என்று சொல்லக் கூடாது.

இன்னொரு பள்ளம் இருக்கிறது. வாரன் வீவர் எழுதியது, அவர் வேலை பார்த்த ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பெயரில் இருக்கலாம். மகன் பீட்டர் எழுதியது குடும்ப ஆவணங்களில் இருக்கும். அணுகுண்டுச் சோதனை எதிர்ப்புக் கடிதங்கள் அமைதிப் பணிக்கான வரிசையில் இருக்கும். பாஸ்போர்ட் சண்டை வாழ்க்கை வரலாற்று வரிசையில். எழுதியவருக்கு இவையெல்லாம் ஒரே மேசையில் ஒரே காலையில் நடந்த வேலை. பிரித்தது பிற்காலத்து அடுக்குமுறை. அதைத் தேதி வைத்து மறுபடி ஒன்று சேர்ப்பதுதான் நம் வேலையே.

நாள்வாரியாகத் தொகுக்கப்பட்ட குறிப்புகள் கிடைக்கும் இடத்தில் முதலில் அந்தக் குறிப்புகளை முழுக்கப் படியுங்கள், அப்புறம் கடிதங்களைக் கேளுங்கள். யாரிடமிருந்து யாருக்கு, எதைப் பற்றி, எந்தக் கோப்பில் என்று ஒரு வரியில் இருக்கும். ஆனால் அந்த ஒரு வரியை மேற்கோள் காட்டிவிடாதீர்கள், அது வேறொருவர் செய்த சுருக்கம். பாலிங் "ஒருவேளை" என்று எழுதியிருப்பார், சுருக்கத்தில் அந்த "ஒருவேளை" காணாமல் போயிருக்கும்.

5. பதிவு செய்யும் முறை: ஒரு கடிதத்துக்கு இரண்டு தேதி

விரிதாளில் ஒரு கடிதத்துக்கு ஒரு வரி. எழுதிய தேதி, கிடைத்த தேதி, எழுதியவர், பெறுநர், எந்த ஊரிலிருந்து, வடிவம் (தட்டச்சு, கையெழுத்து, தந்தி, கார்பன் பிரதி), பொருள், எந்தக் கடிதத்துக்குப் பதில், கோப்பு எண்.

கிடைத்த தேதி பெரும்பாலும் தெரியாது. அலுவலக முத்திரை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். ஆனால் அந்தப் பத்தி இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் லண்டனில் திங்கட்கிழமை எழுதியது பாசடீனாவில் திங்கட்கிழமை தெரியாது. விமானத் தபால் வந்து சேரப் பல நாட்கள், கப்பல் தபால் என்றால் வாரக்கணக்கு. "12-ஆம் தேதியே அவருக்குத் தெரிந்திருந்தது" என்று எழுதுபவர்களில் பாதிப்பேர் கடிதத்தின் தலையில் உள்ள தேதியைத்தான் சொல்கிறார்கள்.

எண்ணால் மட்டும் எழுதப்பட்ட தேதியில் இன்னும் கவனம் வேண்டும். 3/4/53 என்றால் பிரிட்டனில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. டி.என்.ஏ. கதையில் இந்த ஒரு மாதம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிடும்: மார்ச் 4-ல் கேம்பிரிட்ஜில் வாட்சனும் கிரிக்கும் கட்டிய டி.என்.ஏ. மாதிரி வடிவம் முடிந்திருக்கவில்லை, ஏப்ரல் 3-ல் பாலிங் அதை நேரில் பார்க்கக் கிளம்பியாயிற்று. எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று பார்த்து, விரிதாளில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள்.

ஒரே கடிதம் பல பேருக்குப் போன சமயங்களும் உண்டு. 1957 மே மாதம் தொடங்கிய அணுகுண்டுச் சோதனைக்கு எதிரான மனு அப்படித்தான். 1958 ஜனவரியில் ஐ.நா.விடம் கொடுக்கும்போது 9,000-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளின் கையெழுத்து சேர்ந்திருந்தது. இதற்காகப் போன கடிதங்களையும் வந்த பதில்களையும் ஒவ்வொன்றாகப் பதிந்தால் வேறெதுவும் கண்ணில் படாது. மாதிரிக் கடிதம் ஒன்று, அதிலிருந்து வித்தியாசமாக ஏதாவது சொன்ன பதில்கள் மட்டும், அவ்வளவு போதும்.

6. கார்பன் பிரதியைப் படிக்கும் விதம்

பாலிங் அனுப்பிய கடிதங்களில் பெரும்பாலானவை நமக்குக் கிடைப்பது கார்பன் பிரதியாகத்தான். மெல்லிய தாள், மேலே நிறுவனத்தின் பெயர் அச்சிட்டிருக்காது, கையெழுத்தும் இருக்காது. "கையெழுத்து இல்லை, ஆகவே இது அனுப்பப்படாத வரைவு" என்று ஒருவர் கட்டுரையே எழுத இருந்தார். அலுவலகத்தில் தங்கிய பிரதியில் கையெழுத்து இல்லாமல் இருப்பதுதான் வழக்கம்.

தாளின் அடியை முதலில் பாருங்கள். இடது மூலையில் சொன்னவரின் முதலெழுத்தும், ஒரு புள்ளிக்குறிக்கு அப்பால் தட்டச்சு செய்தவரின் முதலெழுத்தும் இருக்கும். முதலில் இருக்கும் எழுத்து பாலிங்குடையது இல்லையென்றால், பெயர் அவருடையதாக இருந்தாலும் வாசகம் வேறொருவருடையதாக இருக்கலாம். அதற்குக் கீழே இணைப்பு உண்டா, யாருக்கெல்லாம் நகல் போனது என்ற குறிப்பு. பெறுநருக்குத் தெரியாமல் இன்னொருவருக்கு நகல் போயிருந்தால் அந்தக் குறிப்பு மூலக் கடிதத்தில் இருக்காது, அலுவலகப் பிரதியில் மட்டும்தான் இருக்கும். அதாவது சில விஷயங்களில் கார்பன் பிரதி மூலத்தைவிட அதிகம் சொல்லும்.

குறைவாகச் சொல்வதும் உண்டு. கையெழுத்துப் போடும்போது பேனாவால் ஓரத்தில் சேர்த்த ஒரு வரி, திருத்திய ஒரு எண், எதுவும் கார்பனில் ஏறாது. அளவுகள், கோணங்கள் உள்ள கடிதமென்றால், முடிந்தால் பெறுநரிடம் இருந்த மூலத்தோடு ஒப்பிட்டுவிட்டு எழுதுங்கள்.

இணைப்புகள் பெரும்பாலும் கடிதத்தோடு இருக்காது. கட்டுரைப் பிரதி அனுப்பியதாகச் சொன்னால் அது கையெழுத்துப் பிரதிகள் உள்ள வரிசையில் இருக்கும், அதிலும் எந்த வரைவு அனுப்பப்பட்டது என்பதைத் தேதி வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

7. ஜோடி சேர்த்தல்

இப்போது கேள்வியையும் பதிலையும் இணையுங்கள். தொழில்முறைக் கடிதங்கள் "உங்களுடைய இன்ன தேதிக் கடிதம் கிடைத்தது" என்றுதான் தொடங்கும் என்பதால் வேலை சுலபம். அந்தத் தேதியை விரிதாளில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு கடிதம் தொலைந்திருக்கிறது, அல்லது நீங்கள் பார்க்காத கோப்பில் இருக்கிறது. இரண்டுமே குறித்துவைக்க வேண்டிய செய்திதான்.

அடுத்தடுத்த தேதியில் இருக்கும் இரண்டு கடிதங்களைப் பேச்சும் மறுபேச்சுமாக எடுத்துக்கொள்வதுதான் இங்கே எல்லோரும் விழும் குழி. கடல் தாண்டிய தபாலில் இரண்டும் வழியிலேயே ஒன்றையொன்று கடந்து போயிருக்கும். 10-ஆம் தேதி கேட்டதற்கு 12-ஆம் தேதி பதில் வராததால் "பாலிங் நழுவிவிட்டார்" என்று படிப்பது அநியாயம், அவர் கையில் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

பதில் யார் கொடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். 1951 கோடையில் டி.என்.ஏ. எக்ஸ்ரே படங்களைக் கேட்டு பாலிங் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் இருந்த மாரிஸ் வில்கின்ஸுக்கு எழுதினார். வில்கின்ஸ் கொடுக்கவில்லை. பிறகு ஆகஸ்டில் மறுப்புச் சொல்லி எழுதியது ஆய்வகத் தலைவர் ஜான் ராண்டல். வில்கின்ஸ் கோப்பை மட்டும் பார்த்தால் விவகாரம் பாதியில் நிற்கும்.

8. அவருக்கு எழுதப்படாத கடிதங்கள்

பாலிங்கின் கோப்புகளை முழுக்கப் படித்து முடித்தாலும், அவருக்கு எது எப்போது தெரியும் என்பது முழுசாக வராது. 1953-ஐயே எடுத்துக்கொள்வோம்.

1952 டிசம்பரில் பாலிங் கேம்பிரிட்ஜ் வேதியியலாளர் அலெக்ஸாண்டர் டாட் போன்றவர்களிடம் நியூக்ளிக் அமிலங்களின் (டி.என்.ஏ. அவற்றில் ஒன்று) அமைப்பு கிடைத்துவிட்டது என்று எழுதுகிறார். கட்டுரை டிசம்பர் 31 அன்று போகிறது. கேம்பிரிட்ஜில் வாட்சன், கிரிக் இருவருடன் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் மகன் பீட்டருக்கும் தகவல் போகிறது. ஜனவரி கடைசியில் கட்டுரைப் பிரதியே போய்ச் சேர்கிறது. அதில் பாஸ்பேட்டுகள் நடுவில், ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு இருக்கின்றன, அமிலம் அமிலமாகவே இல்லை. அதைப் பார்த்ததும் அங்கே வேகம் பிடிக்கிறது. பாசடீனாவில் இது எதுவும் தெரியாது.

மார்ச் 12 அன்று வாட்சன் புதிய அமைப்பை விவரித்து டெல்பிரூக்குக்கு எழுதுகிறார், பாலிங்கிடம் சொல்ல வேண்டாம் என்ற வேண்டுகோளோடு. டெல்பிரூக்கோ காட்டிவிட்டார். அதாவது வாட்சனும் கிரிக்கும் மார்ச் 21 அன்று கட்டுரை வரைவோடு பாலிங்குக்கு நேரடியாக எழுதுவதற்கு முன்பே அவருக்கு விஷயம் தெரியும். பாலிங்குக்கு வந்த கடிதங்களை மட்டும் வைத்துப் படித்தால் 21-ஐத்தான் தொடக்கம் என்று எழுதுவீர்கள். மார்ச் இறுதியில் மகனுக்கு எழுதும்போது, இரண்டு அமைப்புகள் முன்வைக்கப்பட்டிருப்பது நல்லதுதான், எது சரியென்று பார்க்கலாம் என்கிற தொனியில் இருக்கிறார். ஏப்ரல் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் போய் மாதிரியை நேரில் பார்க்கிறார், பிறகு பிரசல்ஸில் சால்வே மாநாடு.

ஆகவே எதிர்த்தரப்புக் கோப்புகளுக்கும் போக வேண்டும். டெல்பிரூக்கின் ஆவணங்கள் கால்டெக்கில், கிரிக்கினுடையவை லண்டனில் வெல்கம் நூலகத்தில், ராண்டலுடையவை கேம்பிரிட்ஜ் சர்ச்சில் கல்லூரியில், ராக்ஃபெல்லர் அறக்கட்டளையுடையவை நியூயார்க் மாநிலத்தில் அதன் ஆவணக் காப்பகத்தில். இதை முதலிலேயே செய்யாதீர்கள். ஏழாவது படி முடிந்து, எந்தக் கடிதம் குறைகிறது என்று தெரிந்த பிறகு அதை மட்டும் தேடிப் போங்கள்.

9. சலிப்பான தபாலையும் விடாமல் புரட்டுங்கள்

மறுபதிப்புக் கேட்டு வரும் அட்டைகள், பரிந்துரைக் கடிதம், "தங்கள் கூட்டத்துக்கு வர இயலவில்லை", மாணவர் சேர்க்கை, மெய்ப்புத் திருத்தம். இவற்றை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டாம், ஆனால் எண்ணிக்கையையாவது பதியுங்கள். ஒரு பெரிய கட்டுரை போன வாரத்தில் அவர் வேறு எத்தனை விஷயங்களில் கைவைத்திருந்தார் என்பது இதில்தான் தெரியும். டி.என்.ஏ. அமைப்பை ஏன் இத்தனை அவசரமாகச் செய்தார் என்று நூறு விளக்கம் சொல்கிறார்கள், அந்த மாதங்களின் தபாலைப் புரட்டினால் புரதம், நிதி, துறை நிர்வாகம் என்று மேசை நிரம்பி வழிவது தெரியும். அதுவே முழுக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அதை விட்டுவிட்டுச் சொல்லப்படும் காரணத்தை நம்பவும் மாட்டேன்.

10. இடைவெளி வந்தால்

சில வாரங்களுக்குக் கடிதமே இல்லையென்றால் உடனே "மறைத்திருக்கிறார்கள்" என்று போகாதீர்கள். மூன்றாவது படியில் போட்ட பட்டியலைப் பாருங்கள். 1941-ல் சிறுநீரக நோய் கண்டு, டாக்டர் தாமஸ் ஆடிஸின் கட்டுப்பாட்டில் உப்பும் புரதமும் குறைத்த உணவு, ஓய்வு. 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தார், அங்கிருந்து எழுதியவை பாசடீனா அலுவலகத்தின் கார்பன் அடுக்கில் இல்லாமல் போகலாம். பக்கத்து அறையில் இருப்பவரோடு பேச்சு நடக்கும், கடிதம் நடக்காது. கோரியுடன் செய்த வேலையில் பெரும்பகுதி அப்படித்தான் தாளில் இல்லாமல் போயிற்று. அந்த மாதிரி நாட்களுக்கு ஆராய்ச்சிக் குறிப்பேடுகளுக்குப் போங்கள். மொத்தம் 46, முழுக்க மின்படியாக்கப்பட்டவை, பல பக்கங்களில் தேதி உண்டு.

11. எழுத உட்காரும்போது

மேற்கோளுக்குப் பக்கத்தில் எழுதியவர், பெறுநர், தேதி, கோப்பு எண், மூலமா கார்பனா என்ற ஐந்தும் இருக்க வேண்டும். கோப்பு எண்ணை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் அது கிடைக்கவே கிடைக்காது.

கடிதத்தின் தாள் காப்பகத்துடையது, வாசகத்தின் உரிமை எழுதியவருடையது அல்லது வாரிசுகளுடையது. பாலிங்குக்கு வந்த கடிதத்தைப் பாலிங் காப்பகம் படிக்கக் கொடுத்ததாலேயே அதை முழுசாக அச்சிட அனுமதி கிடைத்துவிட்டது என்று ஆகாது. நீளமாக மேற்கோள் காட்டப் போகிறீர்கள் என்றால் காப்பகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், எந்தக் கடிதம், எத்தனை வரி, எங்கே வெளியிடப் போகிறீர்கள் என்ற விவரத்தோடு. பரிந்துரைக் கடிதங்களில் மாணவர்களைப் பற்றிச் சொன்னவற்றை, கேள்விக்குத் தேவை இல்லையென்றால் பெயரோடு எடுத்துப் போடாதீர்கள்.